இன்னும் முனகுதா

ராத்திரி டியூட்டி முடிந்து வந்ததும்
ஷூவைக் கழற்றும் முன்பே ரெஜினா கேட்பது இதைத்தான்:
"இன்னும் முனகுதா?"
வார்டில் பதினோராம் படுக்கையை விசாரிப்பதுபோல.

முனகியது.
தேயிலை ஃபேக்டரி கழித்துப்போட்ட பேனல் தகட்டை வளைத்துச்
சேஸிஸ் செய்திருந்தேன். டிரான்ஸ்பார்மர் இரண்டும்
கோவையில், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவரிடம்
சுற்றி வாங்கியவை. "பேஸ் கிதாருக்கா?" என்று சிரித்துவிட்டுக்
கூடவே நாற்பது சுற்று சுற்றிக் கொடுத்தார்.
நான்கு வால்வுகள். எல்லாம் எரிந்தன, அழகாக,
கணப்புச் சட்டியின் கடைசிக் கங்குபோல.
ஒரு கம்பியையும் நான் தொடவில்லை. அதற்குள்
ஊஊஊ.

ஜி கம்பியை வெறுமனே மீட்டினேன்.
முனகலும் கம்பியும் ஒட்டியும் ஒட்டாமலும்
நொடிக்கு இரண்டு முறை உரசிக்கொண்டன.
கம்பி தொண்ணூற்றெட்டு. அப்படியானால் இது நூறு.
நூறென்றால் ரெக்டிஃபயர் பக்கம்.
எர்த் இரண்டு இடத்தில் இறங்கியிருந்தது,
ஒரு தோட்டத்துக்கு இரண்டு மேஸ்திரி.
ஒருவரை வெட்டிவிட்டேன். நூறு அடங்கியது.
அதன் அடியில் இத்தனை நேரமும்
ஐம்பது உட்கார்ந்திருந்தது.

உள்ளே நானூறு வோல்ட்.
ஒரு கை எப்போதும் பையில் இருக்க வேண்டும் என்பது விதி.
கோத்தகிரியில் ஜூலை மாதம் அது விதியில்லை, வழக்கம்.
மறு கையில் ரெஜினாவின் பிளாஸ்டிக் பின்னல் ஊசி, எட்டாம் நம்பர்.
ஒவ்வொரு ஒயராக நெம்பிப் பார்த்தேன்.
ஹீட்டர் ஒயர்களை அவிழ்த்துப் புரி முறுக்கி
மூலையோரமாகப் படுக்க வைத்தேன்.
முதல் வால்வைப் பிடுங்கினேன், முனகல்.
இரண்டாவதையும் பிடுங்கினேன், முனகல்.
எங்கள் டிரம்மர் பெள்ளிராஜ், பீன்ஸ் மூட்டையை இறக்கிவிட்டு வந்தவன்,
"ஈரம்தான்டா" என்றான்.
அவனுக்கு எல்லாமே ஈரம்தான்,
அவன் ஸ்னேர், அவன் பைக், அவன் கேரட்டுக்கு விழுந்த விலை.

வியாழன் சாயங்காலம் வால்வுகளைத் திரும்பச் செருகிக்
கோபத்தில் இ கம்பியை ஓங்கி அடித்தேன்.
அதே நேரம் கரண்ட் போனது.
வீடு போனது, தெரு போனது, ஃபேக்டரி விசிறி போனது.
இ மட்டும் போகவில்லை.
கண்டென்சரில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டு
இரண்டு நொடி, மிஞ்சினால் இரண்டரை,
நின்றது. தனியாக. அகலமாக.
பக்கத்தில் யாருமில்லாமல்.
நான் கட்டிய பெட்டியை
அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.
பிறகு அது கரகரத்துத் தாழ்ந்து போக,
வால்வுகள் மட்டும் சிவப்பாக இருந்து, இல்லாமலாயின.

மெழுகுவத்தி தேடவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தேன்.
ஈயத்தில் குற்றமில்லை. வால்வில் குற்றமில்லை.
ஒயரே இல்லாமல் ஒன்று மற்றதன் காதில் ஓதியிருக்கிறது:
கோவைக்காரர் சுற்றிய இரண்டும்
தோளோடு தோள், ஒரே திசை பார்த்து.

கரண்ட் வர மறுநாள் பத்து மணி ஆனது.
சின்னதைக் கழற்றி, அதில் ஹெட்போனை மாட்டி,
கையில் பிடித்து மெல்லத் திருப்பினேன்.
ரேடியோவில் ஸ்டேஷன் தேடுவதற்கு நேர் எதிர்வேலை,
ஸ்டேஷன் இல்லாத இடத்தைத் தேடுவது.
தொண்ணூறு டிகிரி என்பார்கள்.
எனக்குக் கிடைத்தது எழுபதும் கொஞ்சமும்.
பென்சிலால் கோடு, புதிதாக நான்கு ஓட்டை.
இப்போது அது கோணலாக உட்கார்ந்திருக்கிறது,
கல்யாணப் போட்டோவில் பந்திப் பக்கம் பார்க்கிறவர்போல.
"அளவு தப்பிட்டியா?" என்றான் பெள்ளிராஜ்.

சனிக்கிழமை ஏழரை மணி.
ரெஜினா ஒன்றும் கேட்கவில்லை.
ஸ்பீக்கர் துணியில் காதை வைத்தாள்.
டாக்டர் வரும்வரை எதையும் சொல்லிவிடாத முகம்.
"இருக்கா?" என்றேன்.
"நீ பேசாதே."
எழுந்து போய், குளிருக்காகக் கதவைச் சாத்தினாள்.
பெட்டிக்குள் முதல் வால்வு
டிங் என்றது.

என்னைப் பார்த்தாள்.
திறந்தாள்.
சாத்தினாள்.
டிங்.