மூன்றாம் ஃபீடர்

அந்த ஜூன் இரவு வியாசர்பாடி துணைமின் நிலையத்தில்
ஷிப்டில் இருந்தவன் நான்தான்.
மின்மாற்றியின் எண்ணெய்ச் சூடு முள் சிவப்பைத் தொட்டது.
தூங்காத வீடுகள், நிற்காத ஃபேன்கள்,
உலகக் கோப்பை அரையிறுதிக்குத் தெரு முழுக்க டி.வி.
மூன்றாம் ஃபீடரை இழுத்துவிட்டேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
தடை 2.03 முதல் 2.15 வரை. காரணம்: அதிகச் சுமை.

எழுபத்தெட்டாவது நிமிஷம்.
பச்சைச் சட்டைக்காரர்கள் ஒரு கோல் பின்னால்.
வீட்டில் டைமர் வைத்த என் வி.சி.ஆர்.
பதிந்துகொண்டிருந்தது.
என் வீடும் மூன்றாம் ஃபீடர்.

பன்னிரண்டு நிமிஷத்தில், சரியாக
அங்கே விசில் ஊதும் நேரத்துக்கு,
கரண்ட் வந்துவிட்டது. பதிவு வரவில்லை.
காலையில் நான் செருப்பைக் கழற்றும்போதும்
12:00 12:00 என்று
கண் சிமிட்டிக்கொண்டிருந்தது பெட்டி.

பச்சை ஜெயித்துவிட்டது, இரண்டுக்கு ஒன்று.
பேப்பரில் படிக்கிற கோல் என்பது
இலையை மடித்த பிறகு
பாயசம் இருந்ததாகக் கேள்விப்படுவது.

இன்றைக்கு முந்நூற்று நாற்பது கேசட்.
புடவைகளை வெளியேற்றிய இரண்டு பீரோத் தட்டு.
ஐப்பசி வந்தால் பூஞ்சை துடைக்க
ஸ்பிரிட், பஞ்சு, மனைவியின் மௌனம்.

மற்றவர்கள் அணியை வைத்துத் தேடுவார்கள்.
நான் ஃபீடரை வைத்துத் தேடினேன்.
அன்றிரவு கரண்ட் இருந்த இடமெல்லாம் எனக்கு மனப்பாடம்:
அயனாவரம், ஓட்டேரி, கெல்லீஸில் பாதி.

ஓட்டேரி பிரான்சிஸிடம் இருந்தது.
டேப்பை மிச்சம் பிடிக்க, பந்து கோட்டைத் தாண்டும்போதெல்லாம்
நிறுத்தி நிறுத்திப் பதிந்திருந்தார்.
த்ரோ-இன்னே இல்லாத கால்பந்து.
யாரும் மூச்சு வாங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.
எழுபதாவது நிமிஷத்தில் நிறுத்தியவர்
பொத்தான்மேல் விரல் வைத்தபடி
தூங்கிப்போயிருக்கிறார்.

பிறகு கெல்லீஸ் ஹெப்சிபா. வங்கி அதிகாரி.
அமெரிக்கக் கல்லூரிகளின்
கூடைப்பந்து இறுதி ஆட்டங்கள் உங்களிடம் இருக்காமே,
என்று போனில் கேட்டார்.
இருந்தன, ஏழு. மச்சினன் நியூ ஜெர்சியிலிருந்து அனுப்பியவை,
நம் ஊர்ப் பெட்டியில் நிறம் வராமல் நடுங்குகிறவை.
ஏழையும் கொடுத்தேன்.
அவர் ஒன்றைக் கொடுத்தார்.

லேபிளில் நீல மையில், குண்டு குண்டாக:
இன்டர்-காலேஜ் ஃபைனல், பிப்ரவரி 14.
அதை அடித்துவிட்டு
பச்சை ஸ்கெட்ச் பேனாவில் வேறு கை:
செமி.
"தம்பி," என்றார்.
"வெத்துக் கேசட் கிடைக்கலியாம்."

நான் சுமந்துபோன வி.சி.ஆரில் அங்கேயே போட்டோம்.
எழுபத்தெட்டு.
எழுபத்தொன்பது.
யாரும் எதையும் இழுத்துவிடவில்லை.
இரண்டு கோலும் வந்தன.
இரண்டாவதற்குப் பிறகு பச்சைக் கோல்கீப்பர்
தனியாக, தூரத்தில்,
கையுறையைக் கழற்றி முகத்தை மூடிக்கொள்கிறார்.
இதை எந்தப் பேப்பரும் எழுதவில்லை.

விசில். கோடுகள். இரைச்சல்.
திடீரென்று ஒரு சிமெண்ட் தரை,
கல்யாண வீடியோக்காரரின் மஞ்சள் வெளிச்சம்,
எட்டாம் நம்பர், ஒற்றைச் சடை, பத்தொன்பது வயது ஹெப்சிபா
ஃப்ரீ த்ரோ கோட்டில்.
மூன்று முறை பந்தைத் தட்டுகிறார்.
வீசுகிறார்.
வளையத்தின்மேல் அது சுற்றி

நீலத் திரை.

பதினோரு விநாடி. அவர் ஆட்டத்தில் மிஞ்சியது அவ்வளவுதான்.
என் ஆட்டம் முழுசாக இருந்தது.

விழுந்ததா என்று நான் கேட்கவில்லை.
அவர் ரீவைண்ட் பண்ணச் சொன்னார். நான்கு முறை.
ஐந்தாவது முறை,
"அந்த மூலையில அம்மா, குடையோட," என்றார்.

வீடு வந்து பழக்கதோஷத்தில் நோட்டில் பதிந்தேன்:
341. கால்பந்து அரையிறுதி, முழுமை.
கூடைப்பந்து இறுதி, தடை: தொடக்கம் முதல்
கடைசிப் பதினோரு விநாடி வரை.
காரணம்: தம்பி.

ஞாயிற்றுக்கிழமை பெரம்பூரில்
அந்தக் கல்யாண வீடியோக்காரரைத் தேடவேண்டும்.
மூலப் பிரதியை வைத்திருந்தாலும் வைத்திருப்பார்.
பிப்ரவரியில்
யாரும் ஃபீடரை இழுப்பதில்லை.