இரண்டு மணிப் பேருந்து

புது அடுப்பு கொடுத்தும் புகை குறையவில்லை,
ஏனென்று பார்த்து வாருங்கள் என்றது அமைச்சகம்.

உலான்பாத்தரின் வடக்கு மேட்டில்
பலகை வேலிகளுக்குள் கம்பளிக் கூடாரங்கள்.
பகல் பதினொரு மணிக்கும் வெளிச்சம் பழுப்பு.
நானும் இந்த நகரத்துக்காரிதான்,
ஆனால் எனக்குச் சூடு குழாயில் வரும்.
அதற்கு மாதக் கட்டணம் உண்டு,
முகம் கிடையாது.

எனக்கு முன்னால் வந்தவர்கள்
கேள்வித்தாளோடு வந்தார்கள்.
சொன்னபடி அடுப்பெரிக்கிறீர்களா?
ஆம் என்றன நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள்.
ஒரு சோறு எடுத்துப் பதம் பார்த்துப் போனார்கள்.
அடிப்பிடித்த வாசனை
அப்போதும் வந்துகொண்டுதான் இருந்தது.

சரன்கூவா என்னைத் தங்கவிட்டாள்.
காலையில் உப்புத் தேநீரின் முதல் சொட்டை
நெருப்புக்குக் கொடுத்தாள்.
என் பேனா துள்ளியது.
'புது அடுப்பின் வாய் குறுகல்,
படையலுக்கு இடமில்லை,
ஆகவே மக்கள் ஏற்கவில்லை' என்றெழுதி
இரண்டு கோடும் போட்டேன்.
எட்டிப் படித்தவள்
பால்சட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.
"ஒரு சொட்டுக்கு எவ்வளவு பெரிய வாய் வேண்டும்?
இதில் எரிவது மட்டும் நெருப்பில்லையா?"

கோடுகளை அடிக்கவில்லை.
வெட்கம் ஒரு தரவு,
அது அங்கேயே இருக்கட்டும்.

பிறகு நான் எதையும் கேட்கவில்லை.
தண்ணீர் வண்டியை இழுத்தேன், வழுக்கி விழுந்தேன்.
சிறுமி நந்தின் எனக்கு
இருமாமல் மூச்சிழுக்கும் விதம் காட்டினாள்,
துண்டை மூக்கில் வைத்து, மெதுவாக,
ஏதோ பூவை முகர்வதுபோல.

ஆறாம் இரவு தூக்கம் வரவில்லை.
பத்து மணிக்கு மேலிருந்து பற்றவைத்த அடுப்பு
நடுவில் திறக்காமல் இருந்தால்
புகையில்லாமல் கீழிறங்கி எரியும்.
எரிந்தது.
இரண்டரைக்குத் தணிந்தது.
மணி மூன்றாக ஐந்து நிமிடம் இருக்க
சரன்கூவா எழுந்தாள், கதவைத் திறந்தாள்,
கரித்தணலின் மேல் இரண்டு கை நிலக்கரி அள்ளிப் போட்டாள்.
கூடாரம் இருண்டது. நந்தின் புரண்டு படுத்தாள்.
அப்போது வெளியே பனி நொறுங்கும் காலடி.

தஷ்ன்யம் உள்ளே வந்தான்.
இமையில் உறைபனி.
காலணியைக் கழற்ற விரல்கள் மடங்கவில்லை,
அவள்தான் கழற்றினாள்.
இரவுப் பணி இரண்டுக்கு முடிகிறது,
அந்நேரம் பேருந்து இல்லை,
ஒரு மணி நேரம் நடை,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வருகிறவனுக்கு ஒரு கோப்பை சூடாக இருக்கவேண்டாமா?

இவ்வளவுதான்.
தெய்வமில்லை, தொல்மரபில்லை,
அறியாமை அறவே இல்லை.
வெளியே தலை நீட்டிப் பார்த்தேன்:
மேடெங்கும் அதே நேரத்தில்
ஒவ்வொன்றாகப் புகை எழுந்தது,
வீடு திரும்புகிறவர்களை எண்ணுவதுபோல.

"எங்கே வேலை?" என்றேன்.
அதுவரை கேட்கத் தோன்றாத கேள்வி.
"வெந்நீர் நிலையத்தில்.
உங்கள் பக்கத்துக் கட்டடங்களுக்குத்தான்
குழாயில் அனுப்புகிறோம்."

அறிக்கையில் ஒரே பரிந்துரை எழுதினேன்:
இரவு இரண்டு மணிக்கு ஒரு பேருந்து.
சோக்ட்பாயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"மானுடவியல் படித்தவரிடம்
பேருந்தா கேட்டோம்?
அந்த நெருப்புப் படையலைப் பற்றி
ஒரு அத்தியாயம் இருந்தால் நன்றாயிருக்குமே,
புகைப்படத்தோடு."

முடிவு இன்னும் வரவில்லை.
கோப்பு நான்காம் மாடியில் இருக்கிறதாம்.
அங்கும் சூடு குழாயில்தான்.

இப்போதெல்லாம் மூன்று மணிக்கு
அலாரம் இல்லாமலே விழிப்பு வருகிறது.
சுவரோரத்து இரும்பில் கை வைக்கிறேன்.
நல்ல சூடு.
யாரோ இப்போது நடந்துகொண்டிருக்கிறார்.