விரல் இடைவெளி

எங்கள் ஃபரோவில் மரம் கிடையாது.
அத்திமரமும் திராட்சைக்கொடியும்
வாசிப்பில் வரும்போதெல்லாம்
போதகர் டானியால் ஜன்னலைப் பார்ப்பார்.
வெளியே புல், பாறை, சாய்ந்து விழும் மழை,
மழைக்கு முதுகு காட்டி நிற்கும் ஆடுகள்.
கனி கொடு என்கிறீர், கர்த்தாவே.
ருபார்ப் தண்டு போதுமா?

இது முறையீடு இல்லை.
மீன் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து
கையில் செதில் ஒட்டியபடி வந்திருக்கிறேன்.
சும்மா பேசுகிறேன்.

ஏழு வருடமாக
நீர் கற்றுத்தந்த ஜெபத்தில்
ஒரு வரியை விழுங்குகிறேன்.
அப்பம் வரை சத்தமாக வருவேன்,
பிறகு இருமல்.
கடன் என்ற சொல் தாண்டிப்போகும்வரை இருமுவேன்.
பக்கத்தில் நிற்கும் ரன்வா
புதினா மிட்டாய் நீட்டுவாள்.
சோதனையில் மறுபடி சேர்ந்துகொள்வேன்.

தும்மாஸ் என் தம்பி.
ஃபியோர்டுக்கு அந்தப் பக்கம் தெரிகிற
மஞ்சள் விளக்கு அவனுடையது.
தோர்ஸ்ஹவ்ன் ஆஸ்பத்திரியில்
வயிற்றுத் தையலோடு நான் படுத்திருந்த வாரம்
அப்பாவின் மேய்ச்சல் பங்கைத்
தன் பேருக்கு எழுதிக்கொண்டான்.
ஆடுகளின் காதில் எங்கள் வெட்டுக்குறி,
அதன்மேல் இன்னொரு வெட்டு.
காது ஆறிவிட்டது.
ஆட்டுக்கு எல்லாம் சீக்கிரம் ஆறும்.

இடையில் நான் வளரவே இல்லை என்று
யாரும் சொல்லமுடியாது.
காலை ஐந்துக்கு வேதம். வெள்ளிதோறும் உபவாசம்.
கெட்ட வார்த்தை பாதியாகக் குறைந்தது,
குளிர்பதன அறைக் கதவு சிக்கும் நாட்கள் தவிர.
ஓய்வுநாள் பள்ளியில்
பொறுமை பற்றிப் பாடம் எடுத்தேன்;
முடிப்பதற்குள் இரண்டு முறை கத்தினேன்.

அக்டோபரில் ஒரு கிடா வாங்கி அறுத்து
கொட்டிலில் தொங்கவிட்டேன்.
உப்பு இல்லை, புகை இல்லை.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே
ஒரு விரல் இடைவெளி.
மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும்.
உம்முடைய காற்று என்பார் போதகர்.
எனக்கு அது வடமேற்குக் காற்று.

கொட்டிலின் மேல்சுவரை
போன கோடையில் நானே புதுப்பித்திருந்தேன்.
சாரல் பட்டுவிடக்கூடாதே என்று
நெருக்கி நெருக்கி ஆணி அடித்தேன்,
கத்தி முனைகூட நுழையாதபடி.

நவம்பர் நடுவில் கதவைத் திறந்தேன்.
பதமாகிற இறைச்சிக்கு ஒரு நாற்றம் உண்டு,
வீணாகிற இறைச்சிக்கு ஒரு நாற்றம் உண்டு.
இங்கே பால்குடி மறக்காத பிள்ளைக்கும்
வித்தியாசம் தெரியும்.
சுவரோரத் தொடை வழுவழுவென்று கசிந்தது.
அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன்.

கெட்டதை வெட்டி எறிந்துவிட்டு
பலகையைப் பெயர்க்கக் கடப்பாரை தேடினேன்.
படகுக் கயிறுகளுக்கு அடியில் கிடந்தது.
இரண்டாவது பலகையில்தான் கவனித்தேன்:
பிடியில், அரத்தால் கீறி,
தும்மாஸ் பேரின் முதலெழுத்து.
சண்டைக்கு முந்தின வருடம்
இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கியது.

எட்டு வருடம்.
அவன் கேட்கவே இல்லை.

நான் சிரித்தேனா என்று கேட்காதேயும்.
கொட்டில் நடுவே நின்று
எந்த வார்த்தைகளைக் குறைத்திருந்தேனோ
அத்தனையும் சொன்னேன்.
ஒரு மேய்ச்சல் பங்கும் ஒரு கடப்பாரையும்
சமமில்லை, அது உமக்கும் தெரியும்.
ஆனாலும் இரும்பு கையில் சில்லென்று இருந்தது.
கீழே வைக்கவும் முடியவில்லை.

அடுத்த ஞாயிறு
என் கடன் வரை வந்துவிட்டேன்.
அந்தச் சொல் தொண்டையில் தட்டாமல் போயிற்று.
அவன் கடனுக்கு வந்ததும் இருமல்.
இந்த முறை நிஜ இருமல்;
ரன்வா நம்பவில்லை, மிட்டாய் நீட்டினாள்.

கடப்பாரை இப்போது
காரின் பின்னிருக்கையில் இருக்கிறது.
புதுச் சுரங்கப்பாதை வழியே
அவன் வீட்டுக்கு இருபது நிமிடம்.
மூன்று முறை கிளம்பினேன்.
மூன்றாம் முறை சுரங்க வாசல் வரை.

மிச்ச இறைச்சி காய்கிறது.
தோலில் வெள்ளைப்பூ படர்ந்திருக்கிறது, அது நல்லதுதான்.
வேலைக்குப் போகுமுன்
பலகைச் சந்தில் விரலை வைத்துப் பார்க்கிறேன்.
விரல் நுழைகிறது.
குளிர்கிறது.