வெற்று லாரியின் எடை

பாகான் செராயில் யாரும் யூதரைப் பார்த்ததில்லை.
ஆகவே அந்த வேடம் எனக்கு.
சுல்தான், மளிகைக்கடை சேகு நைனார்.
சிலுவைப்போர் வீரன், பஸ் ஓட்டும் சூசை மாணிக்கம்.
மூன்றிலும் சேராதவன் நான்தான் மிச்சம்,
செம்பனை ஆலையில் எடைமேடைக் கிராணி.

மதுரவல்லி டீச்சர்
அட்டை போன ஏதோ புத்தகத்திலிருந்து தமிழாக்கியது:
எருசலேம், முற்றுகை, வறட்சி,
ஒரே கிணறு, மூன்று வாளி.
எது முதலில் இறங்குவது என்று
நான்கு காட்சிக்குச் சண்டை.

தேவாலய மண்டபத்தில் ஒத்திகை.
தாடிக்குத் தேங்காய் நார்; அரித்தது.
தொப்பி நைனாருடையது, உள்புறம் வெளியே திருப்பி.
அங்கி சூசையின் மகன் பூசைக்கு உடுத்தியது,
தையல் பிரித்து நீட்டியது.
"ரெண்டு பேருகிட்டயும் இரவல் வாங்கிட்டேன்" என்றேன்.
"சரித்திரப்படி நாங்கதான்யா
உங்கிட்ட வாங்குனது" என்றார் சூசை.

பெர்மிட்டுக்காகக் காவல் நிலையத்தில்
முழு நாடகத்தையும் மலாயில் சொன்னேன்.
சார்ஜன் சிரித்தார், ஓரிடத்தில்
மூக்கை உறிஞ்சினார்.
பிறகு ஒரு சொல்லை மட்டும் சுழித்தார்.
"எனக்கொன்றுமில்லை.
யாராவது மொட்டைக் கடிதம் போடுவார்கள்.
வியாபாரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்."

பதினேழு இடம்.
திரும்பும் பஸ்ஸிலேயே டீச்சர் அடித்துக்கொண்டு வந்தார்.
குழிக்குக் குழி கோடு கோணியது.

லாரி நிறைந்து வரும், எடை போடுவேன்.
குலையைக் கொட்டி வெறுமனே திரும்பும்,
மறுபடி போடுவேன்.
கழித்தால் வருவதுதான் சரக்கு.
அன்றிரவு பிரதியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன்.
காகிதம் அதே காகிதம்.

சனிக்கிழமை. தகரக் கூரையில் மழை.
கடைசி வரிசையில் சார்ஜன், சாதா சட்டையில்.
மூன்றாம் காட்சி.
'வியாபாரியே, விலகி நில்' என்று
சுல்தான் அதட்ட வேண்டும்.
நைனார் வாயைத் திறந்தார், மூடினார்.
திரைக்குப் பின்னால் டீச்சர்
வரியை இரண்டு முறை எடுத்துக்கொடுத்தார்.

"யூதரே" என்றார் நைனார்.

அடிக்குமுன் இருந்த பிரதியிலும்
'யூதனே'தான்.
அந்த 'ரே' எங்கிருந்து வந்ததோ.

"யூதரே, உம் வாளி முதலில் இறங்கட்டும்."

இன்னும் ஒன்றரைக் காட்சிச் சண்டை பாக்கி.
உருவிய வாளோடு நின்ற சூசை
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.
ஒரு பிள்ளை சிரித்தது.
சார்ஜன் குனிந்து
செருப்பில் எதையோ தேடினார்.

கிணறு என்பது டயர் மூன்றை அடுக்கியது.
வாளி காலி.
எடை பார்த்தே சாப்பிடுகிறவன், எனக்குத் தெரியாதா?
ஆனாலும் இரண்டு கையாலும் இழுத்தேன்.

கடிதம் யாராவது போட்டார்களா, தெரியாது.
அடுத்த வாரம் நைனார் கடை
இரண்டு நாள் அடைத்திருந்தது.
காய்ச்சல் என்றார்.
காய்ச்சலாகவே இருக்கட்டும்.