இரண்டே கால் வோல்ட்

தொனோஸ்தியாவில் லாரிகள் ஓய
இரவு இரண்டாகும்.
கடல்தான் ஓயாது.
பிஸ்கே விரிகுடாவில் எங்கோ அலை எழுந்தால்
ஆய்வகத்தின் நிலவறையில்
நெகானேயின் திரையில் கோடு நடுங்கும்.

செம்பின்மேல் இரண்டடுக்கு உப்பு,
சமையலறை உப்புதான்.
அதன்மேல், ஹீலியக் குளிரில்
அசையாமல் ஒரு மூலக்கூறு.
நாலு மூலைக்கு நாலு புரோமின்.
வடக்கு மூலை மட்டும் போக வேண்டும்.

பார்ப்பது என்று பேச்சுக்குச் சொல்கிறோம்.
தடவுவதுதான் அது,
தொடாமல்,
ஊசியின் கடைசி அணுவால்.

ஒன்றரை வோல்ட். ஒன்றுமில்லை.
ஒன்று எண்பது.
புரண்டு படுத்தது மூலக்கூறு.
எனேகோவும் புரண்டான், நாற்காலியிலேயே,
கையில் பாதி ரொட்டி.

இரண்டே கால்.
மின்னோட்டத்தில் ஒரு படி விழுந்தது.

மறுபடி தடவினாள்.
வடக்கு அப்படியே இருக்க
தெற்கு காலி.
பதிவேட்டில் எழுதினாள்:
மூன்று நாற்பத்தொன்று. தவறான பிணைப்பு முறிந்தது.
ஊசி முனையில் ஏதோ ஒட்டியிருக்கிறது.
சுத்தம் செய்ய வேண்டும்.

சுத்தம் செய்ய ஒரு பொத்தான் போதும்.
விரல் அதன்மேல் இருந்தது.

திரையிலோ, வரி வரியாக,
இத்தனை மாதம் வெறும் மேடாகக் கிடந்த இடத்தில்
அறுகோணங்கள்.
பாடப் புத்தகத்தில் பென்சிலால் போட்டவை,
கொஞ்சம் கோணலாக,
ஒரு பக்கம் சற்றே நீண்டு.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள்,
அதனால் ஒரு பயனுமில்லை என்று தெரிந்தும்.
பாதிப் படம் வந்திருந்தது.
வெளியே
அலை ஏறிக்கொண்டிருந்தது.