நில், போ

பூக்காலத்தில் எனக்கு வேலை
ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது.
சிவப்புப் பக்கம் நில். பச்சைப் பக்கம் போ.
கமீஸ்குரோனுக்குத் தெற்கே சாலையில் ஒரு பாதியைக்
கொத்திப் போட்டிருக்கிறார்கள்.

கேப் டவுன் கார்கள்
கண்ணாடியை இறக்கி ஒன்றைத்தான் கேட்கும்:
பூ எங்கே?
ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டி வந்தவர்களிடம்
மணி இன்னும் ஒன்பதுதான் என்று எப்படிச் சொல்வது?
கவுஸ்புளோம் குளிரில் கண் திறக்காது.
ஒரு மேகம் குறுக்கே போனாலும்
கடையை மூடிவிடும்.

பத்தரைக்குப் பாறை சுடத் தொடங்கும்.
அங்கே ஒன்று, ஓடையோரம் நாலு,
அப்புறம் எண்ணுவதை விட்டுவிடுவேன்.
அடுப்பை ஊதும்போது கனல் ஒரு நொடி காட்டுமே,
அந்த நிறம்.
எல்லாம் வடக்கே, சூரியனைப் பார்த்து.
தெற்கிலிருந்து வருகிறவனுக்குத் தெரிவது
முதுகுகள்.
திரும்பும்போது பாருங்கள் என்பேன்.
காசு கேட்கிறேன் என்று நினைத்துச் சிலர்
கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள்.

புதர்களுக்கு நடுவே அங்கொன்று இங்கொன்றுதான்.
கம்பளம் விரித்தாற்போல் பூப்பதெல்லாம்
வேலிக்கு அந்தப் பக்கம்,
அப்பா கோதுமைக்கு உழுது,
மூன்று வருஷம் மழை ஏய்த்து,
டிராக்டர் வாடகை பாக்கியோடு
அப்படியே விட்ட நிலத்தில்.
இயற்கை, இயற்கை என்று படம் எடுக்கிறார்கள்.
அது எங்கள் கடன்.

ரொட்டி தின்றபடி
காய்ந்த தலை ஒன்றை உள்ளங்கையில் உதிர்த்தேன்.
ஒரே பூவில் இரண்டு ஜாதி விதை.
நடுவில் பிறந்தது தட்டை, சுற்றிலும் சவ்வுச் சிறகு,
மூச்சு விட்டாலே போய்விடுகிறது.
இதழடியில் பிறந்தது கட்டை, கரடு.
செடியின் காலடியிலேயே விழுந்து
இந்த மழைக்கா அடுத்த மழைக்கா என்று
சொல்லாமல் கிடக்கும்.

அக்கா டெலீன் பதினேழு வயதில்
சல்தான்யா மீன் ஆலைக்குப் போனாள்.
நான் நின்றேன்.
யாரும் நிற்கச் சொல்லவில்லை,
கம்பு பிறகுதான் கைக்கு வந்தது.

நேற்று வெள்ளை டொயோட்டா ஒன்று.
பின் சீட்டில் ஒரு சிறுமி,
எங்கள் வீட்டுக் காதுகள்.
ஓட்டியவளுக்குக் கருப்புக் கண்ணாடி.
பூ எங்கே என்று கேட்கவில்லை.
வேலிக்கு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகம் வந்தது.
ஒவ்வொன்றாக மூடத் தொடங்கின.
வாக்கி டாக்கியில் பீட்ரஸ் கத்துகிறான்,
விடு, விடு, வரிசை குன்றுவரை நிற்கிறது என்று.

என் கை
சிவப்பிலேயே இருந்தது.