மருந்து என்ற கட்டத்தில்

ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்று கேட்டாள் தெக்பெர்.
சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா.
சுவேலிம் மேசைக்கடியில் உட்கார்ந்து
என் செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தான்.
ஆறு வயது. பானை வயிறு, குச்சிக் கால்.
திந்தூஃபிலிருந்து ரத்தச் சோதனை முடிவு வர
நாற்பது நாளாயிற்று.

சீலியாக், என்றேன். கோதுமை ஆகாது.
'சரி. மாத்திரை?'

ஸ்மாரா முகாமில் என் மருந்தகம் ஓர் அலமாரி.
இரும்புச்சத்து இருக்கிறது, வைட்டமின் டி,
காலாவதிக்கு மூன்று மாதமே இருக்கும் ஃபோலிக் அமிலம்.
உடம்பு இழந்ததைக் கொஞ்சம் ஈடுகட்டும்.
குடல் ஆறும்வரை அதுவும்
மணலில் ஊற்றிய தண்ணீர்.

'என் புருஷன் காசநோய்க்கு ஆறு மாதம் கொடுத்தாயே.
ஆட்டுக்குக்கூட ஊசி வந்தது.'

வந்தது. இதற்கு வரவில்லை.
எங்கோ சோதித்துப் பார்க்கிறார்களாம்.
லாரி ஏறும் நாள் தெரியாது.
லாரி ஏறி வருவது மாவு,
மாதம் தவறாமல்,
கொடுத்த நாட்டின் கொடி அச்சடித்த மூட்டையில்.

பத்தியம் என்பது மருந்தின் வால்.
மருந்து முடிந்தால் அதுவும் முடியும்.
இது தலையில்லாத வால்.
மூன்று நாளல்ல, ஆயுசுக்கும்.

'வெறுங்கையோடு போனால் நாத்தனார் நம்பமாட்டாள்.
டாக்டர் ஒன்றும் தரவில்லையென்றால்
நோயும் ஒன்றுமில்லை என்பாள்.
ஒரு வாய் ரொட்டி ஊட்டியும் விடுவாள்.'

சீட்டை எடுத்தேன்.
மருந்து என்ற கட்டத்தில் எழுதினேன்: அரிசி.
அளவு, ஒரு கிண்ணம். வேளை, மூன்று.
அதன்கீழ் பருப்பு. ஒட்டகப்பால், கிடைக்கும்போது.
சிவப்பு மையில்: தனிச் சட்டி, தனிக் கரண்டி.
எத்தனை நாள் என்ற கட்டத்தில்
என்ன எழுதுவதென்று தெரியவில்லை.
முத்திரையை அதன்மேல் குத்தினேன்.

மெல்ஹ்ஃபா முனையில் சீட்டை முடிந்துகொண்டாள்.
வாசல்வரை போனவள்
நான் எண்ணிக் கொடுத்த இரும்பு மாத்திரைப் பொட்டலத்தை
நீட்டினாள்.
'இதில் கோதுமை உண்டா?'

பதினோரு வருஷமாக இந்த அலமாரி என் பொறுப்பில்.
யாரும் கேட்டதில்லை. நானும்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
டப்பாவின் பின்புறம் ஸ்பானியப் பொடி எழுத்தைத் துழாவினேன்.
மக்காச்சோள மாவு.
இல்லை, என்றேன். உரக்கவே சொன்னேன்.

அவர்கள் கூடாரங்களுக்கு நடுவே திரும்பும்போதுதான்
பார்த்தேன்: காலையில் ரொட்டிக்குப் பிசைந்தது
என் மோதிரத்தடியில் உலர்ந்திருந்தது.

தெக்பெர், தெக்பெர், என்று
செருப்பில்லாமல் ஓடினேன்.